கதைக்கு விலை பேசிய அக்கா

“உங்கட ஆக்களில ஒருத்தரும் இவ்வளவு தூரம் படிக்க வரேல்லை. இங்கிலீசில பாஸ் பண்ணினாலே உமக்குப் பெரிய காரியம். இந்தப் பேய்க்கதையை வாசிச்சு முடிப்பீரெண்டு நினைக்கிறீரோ?”

புதுக்குடியிருப்பு ரியூட்டரியில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மாஸ்ரர் இப்படிக் கேட்டார். என் பையிலிருந்து எடுத்த புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார், ஏனென்றால் அது கருவாடு மணத்தது. அட்டையில் கூரிய காதும் இடுப்புவரை வெள்ளை முடியும் உள்ள ஒரு பெண் மரத்தில் சாய்ந்து நின்றாள். தலைப்பு இருந்த இடத்தைக் கரப்பான் தின்றிருந்தது. வகுப்பு சிரித்தது. புத்தகம் என்னுடையதல்ல என்று நான் சொல்லவில்லை. அது கருவாட்டு அக்காவினுடையது.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ‘ஆரைக் கேட்டு எழுதினனி?’ என்று தொடங்கி, பாதிப் பெயருக்கு இறக்கிவிட்டுத்தான் ஓய்வார்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸில் வருவார். இரண்டு பனையோலைக் கடகம் நிறையக் கருவாடு. சந்தையில் அவருடைய சாக்கும் என் அம்மாவின் சாக்கும் அடுத்தடுத்து. அம்மா கத்தரிக்காயும் மிளகாயும் விற்பார். நாங்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தைவிட்டு வந்து உடையார்கட்டுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வீட்டில் பெருவிரலை மையில் தோய்க்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அது எனக்குத் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவிடம் கருவாடு வாங்க வருபவர்கள் விலை பேசுவது வழமை. அக்கா மற்ற எல்லாவற்றுக்கும் விலை பேசுவார். பஸ் எத்தனை மணிக்கு என்று சாரதியைக் கேட்பார், கொண்டக்டரைக் கேட்பார், தேத்தண்ணிக் கடைக்காரரைக் கேட்பார். மூன்று பேரும் சொன்னதில் எது பொதுவாக இருந்ததோ அதை எடுத்துக்கொள்வார். ஆசுபத்திரியில் மூன்று நேரம் குடிக்கச் சொன்ன மருந்தை இரண்டு நேரத்துக்குப் பேசி முடித்தவர். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னபோது, “அந்தப் பாவத்துக்குப் பத்து கூட சுவாமி, அஞ்சு காணும்” என்றாராம். சுவாமி ஏழுக்கு வந்தாராம். இதை அக்காவே அம்மாவுக்குச் சொன்னார். அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“முதல் சொல்லுற கதையும் முதல் சொல்லுற விலையும் ஒண்டுதான் தங்கச்சி,” என்பார் அம்மாவிடம். “ஒருத்தரும் முதலே சரியானதைச் சொல்லமாட்டினம். கொஞ்சம் நிண்டு கேட்டால் இறங்கும்.”

அவருடைய முறை எளிது. ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார். அடுத்தடுத்துக் கேட்கமாட்டார். இன்றைக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று, மறந்துபோயிருப்போம் என்று நினைக்கும்போது ஒன்று. நான் சாதாரணதரம் பாஸ் பண்ணியதையும் அப்படித்தான் மூன்று சந்தை நாள் விசாரித்தார். மூன்றாம் நாள் ஒரு பெரிய பாரைக் கருவாட்டைப் பேப்பரில் சுற்றித் தந்தார். தந்துவிட்டு, சுற்றிய பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார்.

அக்காவின் கணவர் கப்பல்காரர். நோர்வேக்காரரின் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் எண்ணெய் போடும் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகள் இல்லை. வந்தால் கரையில் இருந்து தன் தமையனின் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டே அக்காவுக்கு வடக்குத் தேசத்துக் கதைகள் சொல்வாராம். கப்பலில் கூட வேலைசெய்த நோர்வேக் கிழவர் ஒருவர் அவருக்குச் சொன்னவை. எல்லாம் ‘மறைஞ்ச ஆக்கள்’ பற்றியவை.

பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டிலில் முழங்கால் உயரத்தில் ஒரு கிழவன் இருப்பான். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அவனுக்குக் கஞ்சி வைக்கவேண்டும், மேலே வெண்ணெய் தெரியவேண்டும். ஒரு வேலைக்காரி வெண்ணெயைக் கஞ்சிக்கு அடியில் வைத்துவிட்டாள். மேலே காணாத கோபத்தில் அவன் மாட்டைக் கொன்றான். பிறகு கஞ்சியைக் குடித்துக்கொண்டு போக, அடியில் வெண்ணெய் வந்தது. வெட்கப்பட்டு, பக்கத்து ஊரிலிருந்து அதே நிறத்தில் ஒரு மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டான். காட்டுக்குள் இருக்கும் பெண்களோ முன்பக்கம் ராணி மாதிரி, பின்பக்கம் மரத்தொட்டி மாதிரிக் குழி. பாவாடைக்குக் கீழே மாட்டு வால். கோயிலில் கலியாணம் கட்டினால் வால் கழன்று விழுந்துவிடும்.

இந்தக் கதைகளை அக்கா எனக்குச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை நான் சாக்கில் இருந்து ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். சந்தையில் சத்தமாக வாசிக்க எனக்கு அப்போது பிடிக்கும். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உது விளங்கித்தான் வாசிக்கிறியோ, சும்மா சத்தம் போடுறியோ?”

“விளங்கித்தான் அக்கா.”

வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகம் வந்தது. கடகத்தில், சூடைக் கருவாட்டுக்கும் திருக்கைக்கும் இடையில், பொலித்தீன் பையில். கப்பலில் யாரோ விட்டுப்போனதை, ‘அங்கத்தை மறைஞ்ச ஆக்களின்ர கதையாம்’ என்று கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவருக்கு அதை வாசிக்கிற அளவு ஆங்கிலம் இல்லை. அக்காவுக்குத் தமிழே கையெழுத்தளவுதான்.

“வாசிச்சுத் தமிழில சொல்லு,” என்றார். “எங்கட ஆள் சொன்னதுதானோ எண்டு பாப்பம்.”

அகராதியில் அந்த ஆட்களின் பெயருக்கு எதிரே குறளி, குட்டிச்சாத்தான், தேவதை என்று மூன்று சொல் இருந்தன. மூன்றும் ஒரே வீட்டில் இருக்கமாட்டா. நான் புத்தகத்தில் உள்ளபடி எல்ஃப் என்றேன். அக்கா கடைசிவரை ‘அந்த ஆக்கள்’ என்றே சொன்னார்.

மாரி தொடங்கியபோது ஆரம்பித்தோம். சனம் குறைந்த பத்து மணிக்குப் பிறகு வாசிப்பேன். ஆடு மேய்க்கும் பெண்ணொருத்தி, தொலைந்த ஆட்டைத் தேடிக் காட்டுக்குள் போய், வெள்ளைக் கல்லால் கட்டிய ஊரொன்றைக் காண்கிறாள். அங்கே எல்ஃப்கள். உயரமானவர்கள். வயது போகாதவர்கள். நட்சத்திரங்களின் பெயரெல்லாம் தெரிந்தவர்கள். எதைப் பேசினாலும் செத்தவீட்டில் பேசுவதுபோல மெதுவாகப் பேசுகிறவர்கள். அவர்களுடைய ராணியிடம் ஆடு இருக்கிறது. அவள் கொடுக்கிறாள் இல்லை.

“எத்தினை பக்கமாக் கேக்கிறாள்?”

“நூறு பக்கம் வரும் அக்கா.”

“ஒரு ஆட்டைக் கேக்க நூறு பக்கமோ. என்னை விட்டிருக்கவேணும்.”

இன்னொரு நாள், ராணியின் விருந்து வந்தது. வெள்ளித் தட்டில் பழம், தேன், காற்றைப்போல மெல்லிய அப்பம். அக்கா கையை நீட்டி வாசிப்பை மறித்தார்.

“பொறு. உதெல்லாம் ஆர் சமைச்சது?”

நான் பின்னால் புரட்டிப் பார்த்தேன். ஒருவரும் சமைக்கவில்லை.

“இவ்வளவு பக்கத்தில ஒருத்தியும் உலை வைக்கேல்லை. ஒரு குசினி இல்லை. உது ஆம்பிளை எழுதின கதை,” என்றார் அக்கா. அப்போதுதான் நான் முதற்பக்கத்தில் எழுதியவரின் பெயரைப் பார்த்தேன். ஆம்பிளைதான்.

அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்ததும் அக்காவின் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். கப்பலைவிட்டு இறங்கிவிட்டதாகவும், நோர்வேயின் வடக்கில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டதாகவும், மரவீடு ஒன்று தந்திருப்பதாகவும், இனித் திரும்பிக் கடலுக்குப் போவதில்லை என்றும் எழுதியிருந்தார். அக்காவை அங்கே வரச் சொல்லியிருந்தார். கடதாசி வேலைகளுக்கெல்லாம் தானே பொறுப்பு, வருகிறேன் என்று மட்டும் ஒரு பதில் போடு என்றிருந்தார்.

அக்கா கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கருவாட்டில் மொய்த்த இலையானைக் கலைத்தார்.

“போகப்போறியளோ அக்கா?”

“எதை நம்பிப் போறது? வீடு இருக்கெண்டுறார். ரெண்டு மாசம் சூரியனே எழும்பாதெண்டுறார். கடல் உறையாதெண்டுறார், ஆனால் நிலம் உறையுமெண்டுறார். எல்லாம் அவற்ர வாயால வாறதுதான் பிள்ளை. இதில எதை நான் இஞ்ச இருந்து பாக்கலாம்?” என் மடியில் இருந்த புத்தகத்தைத் தாடையால் காட்டினார். “அந்த ஊரைப்பற்றி அவர் சொன்னதில அந்த ஆக்களின்ர கதை ஒண்டுதான் என்ர கைக்குள்ள இருக்கு. அதில அவர் சொன்னது உண்மையெண்டால் மற்றதையும் நம்பலாம். அது பொய்யெண்டால், பொய்யனை நம்பி நான் கடல் தாண்டேலாது.”

உலகத்தில் வேறு எவராவது ஒரு தேசத்துக்குப் போவதா இல்லையா என்று பேய்க்கதையை வைத்து முடிவெடுத்திருப்பார்களா தெரியாது. ஆனால் இருபது வருடமாகக் கணவரைப் பெரும்பாலும் காகிதத்திலும் கதையிலுமே வைத்திருந்த ஒருவருக்கு வேறு தராசு என்ன இருந்தது?

“இப்ப சொல்லு. இந்தப் புத்தகத்தில அவையளுக்கு வால் இருக்கோ?”

“இல்லை அக்கா.”

“முதுகில குழி?”

“இல்லை.”

“கஞ்சி குடிக்கிற கட்டைக் கிழவன்?”

“எல்லாரும் உயரம் அக்கா.”

“அப்ப அவர் சொன்னது பொய்யோ?”

நான் யோசிக்கவில்லை. அச்சில் இருப்பது உண்மை, வாயால் சொல்வது வெறும் வாய். அப்படித்தான் நான் அதுவரை படித்து வந்திருந்தேன். “ஓம் அக்கா,” என்றேன். “புத்தகத்தில அப்பிடி இல்லை.”

அக்கா போய் நீல எயர்லெற்றர் ஒன்றை வாங்கி வந்தார். சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘உங்கட கதையைப் புத்தகத்தில பாத்தனாங்கள். அதில வால் இல்லை. இருபது வருசமா நான் வாலை நம்பிக்கொண்டிருந்தனான். நான் வரேல்லை. உடம்பைப் பாருங்கோ.’ கீழே அவர் தன் கையெழுத்தை மெதுவாகப் போட்டார்.

அன்றைக்கே தபாலில் போடவில்லை. தன் முடிவையும் மூன்று சந்தை நாள் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். கடிதம் கடகத்தின் ஓரத்தில், பொலித்தீனுக்குள் இருந்தது. செவ்வாய் வந்தது, போனது. அக்கா அன்று யாரோடும் விலை பேசவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் கருவாட்டைத் திருப்பித் திருப்பி மணந்து பார்த்தார்கள், பழுதாக்கும் என்று.

வெள்ளிக்கிழமை அம்மா வாய் திறந்தார். மூன்று மாதமாக அம்மா பக்கத்துச் சாக்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் ஒருநாளும் அவர் பக்கம் திரும்பி எதையும் விளக்கியதில்லை.

“ஏன் புள்ள, அந்தப் புஸ்தகம் எழுதினவரு அந்த ஊருலயே இருக்குறவரா? இல்ல, நம்மள மாதிரி வேற ஊருக்கு வந்தவரா?”

“அது எதுக்கும்மா இப்ப?”

“இல்ல, கேட்டேன். எங்க தாத்தா இந்தியாவுல இருந்து வந்தப்ப முனியையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்தாங்களாம். அங்க முனி ஆலமரத்துல இருந்தாரு. தோட்டத்துல ஆலமரம் ஏது? எல்லாம் தேயில. அதுனால முனி பெக்டரிக்குள்ள போயி ரோதையில ஏறிக்கிட்டாரு. தேயில அரைக்கிற அந்தப் பெரிய சக்கரத்துல. ரோதமுனின்னுதான் நாங்க சொல்லுவோம். அவருக்குப் பூச போடாம மெசின ஓட்டமாட்டாங்க. கைய புடிச்சிருவாரு.” மிளகாயைக் கூறுகட்டிக்கொண்டே சொன்னார். “அங்க ஊருல இருந்தவங்ககிட்ட போயி முனி சக்கரத்துல இருக்காருன்னா பொய்யின்னுதான் சொல்லுவாங்க. எங்ககிட்ட மரத்துல இருக்காருன்னா நாங்க சிரிப்போம். ரெண்டும் அவருதானே.”

அக்கா கருவாட்டுத் தராசைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, திருப்பிச் சொல்லுங்கோ.”

அம்மா திருப்பிச் சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. சந்தை கலையும்போது அக்கா மூன்றாம் தரமும் கேட்டார், போகிறபோக்கில், “உங்கட தாத்தா கொண்டுவந்த ஆள் எந்த மரம் எண்டனீங்கள்?” என்று. “ஆலமரங்க்கா,” என்றார் அம்மா.

எழுதியவர் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அது என்னைக் குத்தியது. புத்தகத்தின் முன்னால் பொடி எழுத்தில் ஏழு பக்கம் முன்னுரை இருந்தது. சொற்கள் கடினம் என்பதால் முதல் நாளே தாண்டிவிட்டேன். முன்னுரை சோதனைக்கு வராது என்று மாஸ்ரரும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் அகராதியோடு இருந்தேன். காலையில் தொடங்கி, அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, பிறகு கூப்பிடாமல் விட்டு, வெயில் சாயும்போது முடித்தேன். முடித்தபோது முகம் சுட்டது.

செவ்வாய்க்கிழமைதான் மூன்றாம் சந்தை நாள். அக்கா கடிதத்தைக் கடகத்திலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார், தபால்கந்தோர் திறக்கட்டும் என்று.

“அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது பிழை.”

“எது?”

“அவர் சொன்னது பொய்யெண்டது. புத்தகத்தின்ர முன்னுக்கு ஏழு பக்கம் இருக்கு. அதை நான் வாசிக்கேல்லை.”

“வாசிக்காமலோ ஓம் எண்டனி?”

“ஓம் அக்கா.”

ஒரு கிழவர் வந்து திருக்கை கேட்டார். அக்கா நிறுத்துக் கொடுத்தார். கிழவர் போகும்வரை என்னைப் பார்க்கவில்லை. பிறகு, “சொல்லு,” என்றார்.

நான் சொன்னேன். எழுதியவரின் தகப்பன் வழி ஆட்கள் நோர்வேயிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர்கள். சின்ன வயதில் வீட்டில் அவர் கேட்டது வால் வைத்த பெண்களின் கதைதான், கஞ்சிக் கிழவன் கதைதான். இன்னும் பழையதைத் தேடிப் போயிருக்கிறார். ஆகப் பழைய பாட்டுகளில் அந்த ஆட்கள் தெய்வங்களுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணப்பட்டவர்கள், வெளிச்சமானவர்கள். அறுவடை முடிந்தால் வீட்டுக்காரர் அவர்களுக்குப் படையல் வைப்பார்கள், அன்றைக்கு வெளியாள் வாசல் மிதிக்கக் கூடாது.

“மடை வைக்கிறமாதிரி,” என்றார் அக்கா.

பிறகு அங்கே கிறிஸ்தவ வேதம் வந்தது. சுவாமிமார் அவர்களைப் பிசாசு என்றார்கள். சனம் விடவில்லை, மலைக்குள்ளும் கொட்டிலுக்குள்ளும் ஒளித்து வைத்துக்கொண்டது. அதற்கும் பிறகு இங்கிலாந்தில் கவிஞர்கள் அவர்களைப் பெருவிரல் அளவாக்கி, இறகு வைத்து, பூவுக்குள் இருத்தினார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. பழைய பாட்டில் இருந்த உயரத்தையும் வெளிச்சத்தையும் திரும்ப எடுத்தார். கூரிய காது அவரே தன் பாட்டில் வைத்தது.

“வால்?”

“வாலைத் தான்தான் எடுத்துவிட்டதாம் அக்கா. தன்ர கதையில ராணிக்கு வால் சரிவராதாம்.”

“எண்டு அவரே எழுதியிருக்கிறாரோ?”

“ஓம்.”

“ஒளிக்கேல்லையோ?”

“இல்லை. நாலாம் பக்கத்தில.” விரலை வைத்துக் காட்டினேன். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அக்கா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

“அப்ப வால் முதலில இருந்ததுதான்.”

“இருந்தது அக்கா.”

அக்கா நிமிர்ந்தார். எதிர்ப்பக்கம் வெற்றிலைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதாக நான் எழுதினால் ஒத்துக்கொள்ளமாட்டார். புகையிலைத் தூள் என்பார்.

“நீயும் முதல் ஒரு விலை சொன்னாய், இப்ப இறங்கீட்டாய்,” என்றார் என்னிடம். “பரவாயில்லை. இறங்காதவையோடதான் யாவாரம் செய்யேலாது.”

நான் கடிதத்தைக் கிழிக்கக் கை நீட்டினேன். தரவில்லை.

“ஏன் கிழிக்கிறாய்? கீழ இடம் கிடக்கு. அதில எழுது.”

“மேல வரேல்லை எண்டு இருக்கு அக்கா.”

“இருக்கட்டும். அது என்ர முதல் விலை. அவர் வாசிச்சுக் கொஞ்சம் பயப்படட்டும். எழுது. ‘பிறகு விசாரிச்சுப் பாத்ததில வால் இருந்ததெண்டு தெரியவந்தது. நான் வாறன். ஆனால் வந்தாப்பிறகு என்னை அங்க தனிய விட்டிட்டு நீங்கள் திரும்பக் கப்பல் ஏறக்கூடாது. கிட்டடியில கோயில் இருக்கவேணும். முதல் மாரியில எனக்குப் பிடிக்கேல்லையெண்டால் திருப்பி அனுப்பவேணும்.’”

அன்று மாலை தபாலில் சேர்த்தோம். பதில் வர இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் மீதிப் புத்தகத்தை வாசித்து முடித்தோம். ஆடு கடைசியில் கிடைத்துவிடுகிறது, ஆனால் அக்காவின் அபிப்பிராயத்தில் மிகவும் பிந்தி. பதில் வந்த நாளில் அக்கா அதைக் கையில் விசிறிக்கொண்டே பஸ்ஸால் இறங்கினார். நான் வாசித்தேன். கப்பல் ஏறமாட்டேன் என்பதற்கு ஓம் என்றிருந்தார். கோயில் தூரம், ஆனால் மாதம் ஒருமுறை சுவாமி வருவார் என்றிருந்தார். மூன்றாவதுக்கு, ‘ஒரு மாரி காணாது, இரண்டு மாரி இருந்து பார்’ என்றிருந்தார்.

அக்கா அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிப்பித்தார்.

“மனுசன் பேசப் பழகீட்டார்,” என்றார் அம்மாவிடம். அவ்வளவு சந்தோசமாக ஒருவர் கருவாடு விற்று நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் போனார். வவுனியாவுக்குப் பஸ், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். பஸ் புறப்படும் நேரத்தை வழக்கம்போல மூன்று பேரிடம் கேட்டுவிட்டு, புத்தகத்தை என் கையில் வைத்தார்.

“எல்லாம் வாசிச்சு முடிச்சனியோ?”

“முடிச்சனான் அக்கா.”

“முன்னுக்கும்?”

“முன்னுக்கும்.”

“அப்ப உனக்கு.” அம்மாவை நெஞ்சோடு அணைத்தார். அம்மாவுக்கு அப்படிப் பழக்கமில்லை. கையில் கத்தரிக்காயோடு நின்றார்.

ஆறு வருடமாகிறது. நான் இப்போது உடையார்கட்டுப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் கதை சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கஞ்சிக் கிழவனைப் பிடித்திருக்கிறது. ராணியை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சண்டைக் காலம் என்பதால் அக்காவின் கடிதங்கள் சுற்றிச் சுற்றித்தான் வந்துசேரும். அக்கா சொல்ல, கணவர் எழுதுகிறார். பல இடத்தில் வெட்டித் திருத்தியிருக்கும், அங்கேயும் பேசி இறக்கியிருக்கிறார் என்று விளங்கும். கடைசியாக வந்த கடிதத்தில் பக்கத்து வீட்டுக் கிழவியைப் பற்றி இருந்தது. அக்கா அவரிடம் மறைந்த ஆட்களைப் பற்றி விசாரித்திருக்கிறார். முதல் நாள் கிழவி சிரித்தாராம். இரண்டாம் தரம், அது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது என்றாராம். மூன்றாம் தரம், முறுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேட்க, முற்றத்தில் நின்ற மரத்தைக் காட்டி, தன் தகப்பன் நத்தாருக்கு அதன் வேரில் பியர் ஊற்றினவர் என்றாராம். ‘தகப்பனோ, தகப்பன்ர தகப்பனோ எண்டு கேட்டனான். அதில கொஞ்சம் இறங்கினவா. ஆனால் மரம் அந்த மரம்தான்.’

கீழே, இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தது: ‘உங்கட அம்மாவின்ர முனி இப்ப எங்கையாம்? உங்களோட வன்னிக்கு வந்தவரோ, ரோதையிலயே நிண்டிட்டாரோ? விசாரிச்சு எழுது.’

அம்மாவைக் கேட்டேன். அம்மா மிளகாய்ப் பாத்தியில் ஒரு புல்லைப் பிடுங்கி எறிந்தார்.

“தெரியலயே புள்ள. நாங்க வந்தப்ப அவருகிட்ட சொல்லிட்டு வர்ற மாதிரியா வந்தோம்.”

வவுனியாவில் நெளுக்குளத்தில் இருக்கும் பெரியம்மாவிடம் போனேன். அவர் அப்படியில்லை. “வந்துட்டாரே. தண்ணி எறைக்கிற மெசின்ல ஏறிட்டாரு. காலையில அத ஸ்டார்ட் பண்றப்ப சத்தத்த கேட்டா தெரியாது?” என்றார். பெரியப்பா உள்ளேயிருந்து, “அது கார்பரேட்டர்ல தூசி,” என்றார்.

இருவர் சொன்னதையும் குறித்துக்கொண்டு வந்தேன். எப்படி வந்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர் இல்லாத இடத்தில்தானே அந்தப் புத்தகக்காரரும் தன் கையை வைத்தார். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றில் முனி வந்த கதையை எழுதத் தொடங்கினேன். முதல் அத்தியாயம் முடிந்து, பிரதி எடுத்து, போன திங்கட்கிழமை அக்காவுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். அதில் முனி வவுனியாவில் பஸ் மாறுகிறார். அவர் கையில் இருந்த அரிவாளை நான்தான் எடுத்துவிட்டேன். சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள்.